ஈ.எக்ஸ். ஹைட்ரேயின் திணிவு

ஈ.எக்ஸ். ஹைட்ரே என்னும் இரட்டை விண்மீனில் உள்ள வெண்குறுமீனின் திணிவு, சூரியனின் திணிவில் 0.48 பங்கு என்று 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது, 0.79 பங்கு என்று 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு சொன்னது. இரண்டுமே பொறுப்புடன் செய்யப்பட்டவை, இரண்டிலும் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. முன்னது அந்த விண்மீன் வெளியிடும் எக்ஸ் கதிர்களிலிருந்து வெப்பநிலையைக் கண்டு, அதிலிருந்து திணிவுக்குப் போயிற்று. பின்னது துணைவிண்மீன் ஓடும் வேகத்திலிருந்து, நியூட்டனின் விதிகளைக் கொண்டே திணிவுக்குப் போயிற்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பெரிய இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால், காந்தப்புலம் கொண்ட வெடிப்பு மாறுவிண்மீன்களின் எக்ஸ் கதிர் வானியல் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியதாகிறது. அட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்குச் சில காலமாக இதுவே பொழுதுபோக்காக இருந்து வருவதால், கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த விண்மீன்கள் எத்தகையவை என்று சொல்லிவிட வேண்டும். எரிபொருள் தீர்ந்து, பூமியின் அளவுக்குச் சுருங்கிப்போன வெண்குறுமீன் ஒன்றும், இன்னும் எரிந்துகொண்டிருக்கும் சிறிய செவ்விண்மீன் ஒன்றும் ஒன்றையொன்று மிக நெருக்கமாகச் சுற்றி வருகின்றன. அந்த நெருக்கம் எத்தகையதென்றால், பெரும்பாலான சோடிகளில் ஒரு முழுச் சுற்று சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகிறது. செவ்விண்மீனின் மேற்பரப்பிலிருந்து வாயு ஒழுகி வெண்குறுமீனை நோக்கி வருகிறது. காந்தப்புலம் மிகவும் பலவீனமாக இருந்தால் அந்த வாயு ஒரு தட்டாகச் சுழன்று, படிப்படியாக உள்ளே போய் வெண்குறுமீனைத் தொடும். காந்தப்புலம் மிகவும் வலிமையாக இருந்தால் தட்டு உருவாகவே இடமில்லை; வாயு காந்தப்புலக் கோடுகளைப் பற்றிக்கொண்டு நேரே காந்த முனைகளில் கொட்டும். இந்த இரண்டாம் வகையைப் போலார் என்று அழைக்கிறார்கள். இடைப்பட்ட வலிமை உள்ளவற்றில் வெளிப்புறத்தில் தட்டும் உட்புறத்தில் காந்தப்புலத்தின் ஆட்சியும் இருக்கும். அவை இடைநிலைப் போலார்கள். ஈ.எக்ஸ். ஹைட்ரே இந்த இடைநிலை வகையைச் சேர்ந்தது.

போலார்களின் முதல் ஆள் ஏ.எம். ஹெர்குலிஸ். அதன் ஒளி மாறுகிறது என்பதை ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் 1923இலேயே கண்டிருந்தார். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அது பட்டியலில் ஒரு பெயராகவே கிடந்தது. 1970 டிசம்பரில் கென்யக் கரையோரத்தில் இருந்து ஏவப்பட்ட உஹுரு செய்மதி வானம் முழுவதையும் எக்ஸ் கதிரில் துழாவியபோது பதிவான மூலங்களில் ஒன்று இந்த விண்மீன்தான் என்பது 1976ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. அதை ஒட்டியே சான்டியாகோ தாப்பியா என்பவர் அதன் கட்புல ஒளி வலுவாக முனைவாக்கப்பட்டிருப்பதை, அதாவது ஒளி அலைகளின் அதிர்வு ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருப்பதைக் கண்டார். வட்ட முனைவாக்கம் அவ்வளவு வலுவாக இருக்க வேண்டுமென்றால் இலத்திரன்கள் மாபெரும் காந்தப்புலத்தில் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இன்று ஏ.எம். ஹெர்குலிஸின் காந்தப்புலம் ஏறக்குறைய 1400 டெஸ்லா எனக் கணிக்கப்பட்டுள்ளது. மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த எண்ணின் கனம் புரியும். இந்த விண்மீனில் வெண்குறுமீனின் சுழற்சியும் இரட்டையின் சுற்றுகையும் காந்தப்புலத்தால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுள்ளன. இரண்டுமே 3 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரே காலத்தில் முடிகின்றன.

ஈ.எக்ஸ். ஹைட்ரேயில் அந்தப் பூட்டு விழவில்லை. வெண்குறுமீன் 67 நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. இரட்டை 98 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. தூரம் 200 ஒளியாண்டுக்கும் சற்றுக் குறைவு. விண்மீன்களைப் பொறுத்தவரை இது அடுத்த வீட்டுத் தூரம், ஆகவேதான் எக்ஸ் கதிர் செய்மதி எது ஏவப்பட்டாலும் இந்தச் சோடியை அது ஒருமுறையாவது பார்க்காமல் விடுவதில்லை.

இனி, திணிவை அளக்கும் முறைக்கு வருவோம். காந்தப்புலக் கோடுகளில் வழிந்து வரும் வாயு ஏறக்குறைய தடையின்றி விழுகிறது. 0.79 சூரியத் திணிவுள்ள வெண்குறுமீனின் ஆரை சுமார் 7150 கிலோமீற்றர். எல்லையற்ற தூரத்திலிருந்து அதன் மேற்பரப்புக்கு விழும் பொருளின் இறுதி வேகத்தை உயர்தர மாணவர் எவரும் சக்திக் காப்பு விதியைக் கொண்டு கணித்துவிடலாம். செக்கனுக்கு 5400 கிலோமீற்றர் வருகிறது. இவ்வளவு வேகத்தில் வரும் வாயு மேற்பரப்புக்குச் சற்று மேலே திடீரெனத் தடைப்பட்டு, அங்கே நிலையான அதிர்ச்சி அலை ஒன்று உருவாகிறது. அதைக் கடந்த மறுகணமே வாயுவின் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட, இழந்த இயக்கச் சக்தி வெப்பமாகிறது. மேலே சொன்ன எண்களுக்கு அந்த வெப்பநிலை 35 கிலோ இலத்திரன் வோல்ட், அதாவது 40 கோடி கெல்வினுக்கு மேல். அந்த வெப்பத்தில் உள்ள பிளாஸ்மா வேறு எதையும் விட எக்ஸ் கதிர்களைத்தான் வெளியிடும். அதிர்ச்சி அலைக்குக் கீழே வாயு குளிர்ந்துகொண்டே இறங்கி, அடர்ந்து, மேற்பரப்பில் அமர்கிறது. அதிர்ச்சி அலையிலிருந்து மேற்பரப்பு வரையுள்ள அந்தச் சூடான தூண்தான் நாம் காணும் எக்ஸ் கதிர்களின் உலை.

இங்கேதான் சந்திரசேகரின் கணக்கு துணைக்கு வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு 1930இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போது பத்தொன்பது வயதில் அவர் தொடங்கிய கணக்கின் விளைவுகளில் ஒன்று, வெண்குறுமீனின் திணிவு கூடக்கூட அதன் ஆரை குறையும் என்பது. எனவே ஒரு திணிவுக்கு ஓர் ஆரைதான். திணிவை ஆரையால் வகுத்த எண், திணிவு சற்றே கூடினாலும் வேகமாக ஏறிவிடும். அதிர்ச்சி அலையின் வெப்பநிலை அந்த எண்ணுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே எக்ஸ் கதிர் நிறமாலையிலிருந்து வெப்பநிலையைப் படித்தால் திணிவு தானாகவே கையில் வந்து விழ வேண்டும். இந்த முறையின் அழகு என்னவென்றால், இரட்டையின் சாய்வுக் கோணமோ தூரமோ இதற்குத் தேவையில்லை. பாதி வானியல் இந்த இரண்டையும் அறியாமல்தான் திண்டாடுகிறது.

ஈ.எக்ஸ். ஹைட்ரேயில் இதைச் செய்தவர்கள், 1993இல் ஜப்பான் ஏவிய அஸ்கா செய்மதியின் தரவுகளைப் பயன்படுத்தினார்கள். இரும்பு அணு தன் இலத்திரன்களில் இரண்டை மட்டும் வைத்திருக்கும்போது 6.7 கிலோ இலத்திரன் வோல்ட்டிலும், ஒன்றை மட்டும் வைத்திருக்கும்போது 6.97 கிலோ இலத்திரன் வோல்ட்டிலும் கோடுகளை வெளியிடுகிறது. வெப்பம் கூடினால் இரண்டாவது வலுக்கும். மக்னீசியம், சிலிக்கன், கந்தகம், ஆர்கன் ஆகியவற்றுக்கும் இதே போன்ற கோட்டுச் சோடிகள் உண்டு. பாரம் குறைந்த மூலகங்கள் தூணின் குளிர்ந்த அடிப்பகுதியைக் காட்டுகின்றன, இரும்பு வெப்பமான மேற்பகுதியைக் காட்டுகிறது. இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் அதிர்ச்சி அலையின் வெப்பநிலை 15 கிலோ இலத்திரன் வோல்ட்டை ஒட்டி வந்தது. அதற்குரிய திணிவு 0.48.

அதன்பின் நடந்தது இன்னும் சுவையானது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகத்தின் நிறமாலைமானியைக் கொண்டு, வெண்குறுமீனின் முனையில் பிறக்கும் எக்ஸ் கதிர்க் கோடுகள் 98 நிமிடச் சுற்றுகைக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்வதை அளந்தார்கள். வெண்குறுமீன் செக்கனுக்கு 58 கிலோமீற்றர் வீச்சில் ஊசலாடுவது தெரிந்தது. எக்ஸ் கதிர்க் கோடு ஒன்றின் டொப்ளர் நகர்விலிருந்து வெண்குறுமீனின் ஓட்டத்தையே பிடித்துவிட்டது சாதாரண வேலை அன்று. அந்த வேகத்தையும் துணைவிண்மீனுக்கு அப்போது நம்பப்பட்டு வந்த வேகத்தையும் சேர்த்துக் கணித்தபோது திணிவு 0.49 என்று வந்தது. இரண்டு வெவ்வேறு வழிகள், ஒரே விடை. இதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

சந்தேகம் துணைவிண்மீனின் பக்கத்திலிருந்து வந்தது. சிலி நாட்டில் உள்ள வி.எல்.டி. பெருந்தொலைநோக்கியின் உயர் பிரிதிறன் நிறமாலைகளைக் கொண்டு 2008இல் அந்தச் செவ்விண்மீனின் வேகத்தை மீண்டும் அளந்தபோது, அது செக்கனுக்கு 432 கிலோமீற்றர் என்று வந்தது. முன்னர் நம்பப்பட்டதைவிட இது கணிசமாகக் கூடுதல். வெண்குறுமீனின் வேகம் மட்டும் மாறவில்லை. சந்திரா அளந்த 58 அப்படியே உறுதியாயிற்று. துணை வேகமாக ஓடுகிறதென்றால் அதை இழுத்துப் பிடிப்பதும் கனமாகத்தான் இருக்க வேண்டும். திணிவு 0.79 ஆக உயர்ந்தது இப்படித்தான். முன்னைய இரண்டு முறைகளும் ஒத்துப்போனது தற்செயல். ஒன்றில் தவறு துணைவிண்மீனின் வேகத்தில் இருந்தது, மற்றதில் தவறு வேறோர் இடத்தில் இருந்தது.

அந்த வேறோர் இடம் எது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. முள் காட்டும் எடை ஒன்று, பெயருக்கு நேரே பதியும் எடை இன்னொன்று. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போய்த்தான் மிச்சம் பதிவாகும், அந்தக் கழிவு நியாயமானதா என்பதில்தான் காலம் காலமாக வாக்குவாதம். எக்ஸ் கதிர்த் தராசிலும் கழிவு உண்டு. வேறுபாடு என்னவென்றால், இங்கே இயற்கை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் நமக்கு வெப்பநிலையைக் காட்டுகிறது, கழிந்ததை நாம் திரும்பச் சேர்த்தால்தான் சரியான திணிவு கிடைக்கும்.

முதலாவது கழிவு, வாயு எங்கிருந்து விழத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. எல்லையற்ற தூரத்திலிருந்து விழுவதாகக் கொள்வது போலார்களுக்கு ஓரளவு பொருந்தலாம். இடைநிலைப் போலாரில் வாயு தட்டில் சுற்றிக்கொண்டு வந்து, தட்டின் உள்விளிம்பில் காந்தப்புலத்தால் பிடிக்கப்பட்ட பின்னரே விழுகிறது. ஈ.எக்ஸ். ஹைட்ரேயின் காந்தப்புலம் பலவீனமானது. அதன் தட்டு வெண்குறுமீனின் ஆரையைப்போல் மூன்று மடங்குக்கும் குறைவான தூரம் வரை உள்ளே வந்துவிடுகிறது என்று அதன் ஒளியின் விரைவான மினுக்கங்களைப் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வளவு கிட்டத்திலிருந்து விழுந்தால் முழு வேகம் எப்படிக் கிடைக்கும்? இரண்டாவது கழிவு, விழுதல் எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. அதிர்ச்சி அலை மேற்பரப்பிலேயே இருப்பதாகக் கொள்வது வழக்கம். அது உயரத்தில் நின்றால், வாயு அங்கேயே தடைப்பட்டுவிடும். மிச்ச உயரத்தின் ஈர்ப்புச் சக்தி அதிர்ச்சி அலையைச் சூடாக்கப் பயன்படாது.

தூண் எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது வாயுவின் வரத்துதான். வரத்து அதிகமாயின் தூண் அடர்த்தியாகும், அடர்த்தியானால் விரைவில் குளிரும், விரைவில் குளிர்ந்தால் தூண் குட்டையாகும். ஈ.எக்ஸ். ஹைட்ரே வரத்துக் குறைந்த விண்மீன். ஆகவே அதன் தூண் நெடியது என்று பலர் முன்பே ஊகித்திருந்தார்கள். ஆனால் 200 ஒளியாண்டு தூரத்தில் உள்ள, பூமியளவு விண்மீன் ஒன்றின் மேல் நிற்கும் தூணை யார் போய் அளப்பது? வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “சேர், காணவே ஏலாத தூணுக்கு உயரம் எப்படி சேர் சொல்றது?” என்று கேட்டாள். கேள்வி மிக நியாயமானது. அதற்குரிய விடை 2025இல் வந்தது.

நாசாவும் இத்தாலிய விண்வெளி முகவரகமும் சேர்ந்து 2021 டிசம்பரில் ஏவிய ஐ.எக்ஸ்.பி.இ. என்னும் செய்மதி, எக்ஸ் கதிர்களின் முனைவாக்கத்தை அளக்கவென்றே செய்யப்பட்டது. அது 2025 ஜனவரியில் ஏறக்குறைய ஏழு நாட்கள் ஈ.எக்ஸ். ஹைட்ரேயைப் பார்த்தது. இத்தகைய விண்மீன் ஒன்றின் எக்ஸ் கதிர் முனைவாக்கம் அளக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அளவு 8 சதவீதம் அளவில் வந்தது, எதிர்பார்க்கப்பட்டதைவிட இது அதிகம். சூடான வாயு தானாக வெளியிடும் எக்ஸ் கதிர்களுக்குக் குறிப்பிட்ட முனைவாக்கம் எதுவும் கிடையாது. சிதறலால்தான் அது உண்டாகும். தூணின் பக்கவாட்டிலிருந்து வெளிப்படும் கதிர்கள் வெண்குறுமீனின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்து வருவதும் அதில் ஒரு பங்கு என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்தத் தரவிலிருந்து அவர்கள் கணித்த தூணின் உயரம் சுமார் 3200 கிலோமீற்றர். வெண்குறுமீனின் ஆரையில் ஏறத்தாழப் பாதி!

இந்த இரண்டு கழிவுகளையும் எளிய சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன். திணிவை 0.79 என்றே வைத்துக்கொண்டு, கழிவு எதுவும் இல்லையென்றால் 35 கிலோ இலத்திரன் வோல்ட். வாயு 2.7 ஆரைத் தூரத்திலிருந்துதான் விழுகிறது என்று சேர்த்தால் 22. தூண் 3200 கிலோமீற்றர் உயரத்தில் முடிகிறது என்பதையும் சேர்த்தால் 11. அளக்கப்பட்டதோ 15ஐ ஒட்டிய எண். இரண்டு கழிவுகளையும் முழுமையாகச் சேர்த்தால் தேவைக்குச் சற்று மிஞ்சிப் போகிறது. உட்புறத் தட்டு இன்னும் கொஞ்சம் தொலைவில் இருந்தாலோ தூண் இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்தாலோ 15 வந்துவிடும். சமன்பாடு அவ்வளவு துல்லியம் கோரும் அளவுக்கு நுணுக்கமானதும் அன்று. என் பார்வையில், 0.48க்கும் 0.79க்கும் இடையிலிருந்த முரண்பாடு இந்த இரண்டு கழிவுகளுக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. புதிய பௌதிகம் எதுவும் தேவையில்லை.

மலையில் இருந்துகொண்டு இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் முழுதாக விழுங்கிவிடுகிறது. பிதுருதலாகலை உச்சிக்கு ஏறினாலும் ஒரு போட்டன்கூட வந்து சேராது. ஆனால் செய்மதிகளின் தரவுகள், அவதானித்தவர்களுக்கு உரிய தனியுரிமைக் காலம், வழக்கமாக ஓராண்டு, முடிந்ததும் பொதுக் காப்பகங்களுக்கு வந்துவிடுகின்றன. அவற்றை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பகுப்பாய்வுக்குரிய மென்பொருள்களும் இலவசம். இறக்குவதற்கு இரவில் கிடைக்கும் மலிவான டேட்டாவும், மழைக்கு அறுந்து போகாத சிக்னலும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அட்டனில் மூன்றும் ஒன்றாக அமைவது அரிது.

இறக்கிய கோப்பைத் திறந்தால் படம் ஒன்றும் வராது. வருவது ஒரு நீண்ட அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஒரு போட்டன்: அது உணரியில் விழுந்த நேரம், விழுந்த இடம், அதன் சக்தி. விண்மீன் இருக்கும் சிறு வட்டத்துக்குள் விழுந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் 67 நிமிடத்தால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்கினால், அடுக்குகளில் மெதுவாக ஒரு மேடும் பள்ளமும் உருவாகின்றன. குறைந்த சக்தியுள்ள போட்டன்களை மட்டும் எடுத்து அடுக்கினால் பள்ளம் ஆழமாகத் தெரியும். கூடிய சக்தியுள்ளவற்றில் அது ஏறக்குறைய அழிந்துவிடும். காரணம், விழும் வாயு முனையின் மேல் வளைந்த திரைச்சீலைபோல நிற்பதும், முனை நம் பக்கம் திரும்பும்போது நாம் அந்தத் திரையின் ஊடாகப் பார்க்க நேர்வதும், மென்மையான எக்ஸ் கதிர்களை அந்தத் திரை விழுங்கிக் கடினமானவற்றை விட்டுவிடுவதும்தான். ஆகவே மேல்முனை நமக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்போதுதான் இந்த விண்மீன் எக்ஸ் கதிரில் மிகவும் பிரகாசமாகிறது. முதலில் இது தலைகீழாகத் தோன்றும். திரையை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

98 நிமிடத்தால் வகுக்கும்போது வேறொரு சிக்கல். பூமிக்குக் கிட்டச் சுற்றும் செய்மதிகள் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரமும் ஏறக்குறைய 95 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைப்பதால், செய்மதி கண் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈ.எக்ஸ். ஹைட்ரே ஏறத்தாழ அதே நிலையிலேயே நிற்கும். முழுச் சுற்றுகையையும் பார்த்து முடிக்கப் பல சுற்றுகள் காத்திருக்க வேண்டும். 1983 முதல் 1986 வரை இயங்கிய ஐரோப்பாவின் எக்ஸோசாட் செய்மதி மிக நீண்ட பாதையில், ஒரு சுற்றுக்கு 90 மணித்தியாலம் எடுத்துச் சென்றதால் இந்தத் தொல்லையின்றி இவ்விண்மீனை இடைவிடாமல் பார்த்தது. சந்திராவும் எக்ஸ்.எம்.எம். நியூட்டனும் அதே வசதியைப் பெற்றவை. புதிதாகத் தரவு இறக்குபவர்கள் எக்ஸ்.எம்.எம். நியூட்டனிலிருந்து தொடங்கினால் பாதித் தலைவலி மிச்சம்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்க்க விரும்புவோருக்கு நமது மலைநாடு மோசமான இடம் அன்று. பஞ்சாங்கத்தில் அஸ்தம் எனப்படும் விண்மீன் கூட்டத்துக்குச் சற்றுத் தெற்கே ஈ.எக்ஸ். ஹைட்ரே இருக்கிறது, அட்டனில் தெற்கு அடிவானிலிருந்து 54 பாகை உயரம் வரை ஏறும். வழக்கமான பிரகாசம் 13ஆம் ஒளித்தரம் என்பதால் எட்டு அங்குலத் தொலைநோக்கி போதும். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் வானம் திறந்திருக்கும் காலமும், இவ்விண்மீன் நள்ளிரவுக்குப் பின் உயரும் காலமும் பொருந்தி வருகின்றன. சிவனொளிபாத மலைப் பருவத்தின் மின்விளக்குகள் தென்மேற்கில் மட்டும் கொஞ்சம் தொந்தரவு தரும். ஏ.எம். ஹெர்குலிஸின் நிலைமை நேர்மாறு. அது நடுவானுக்கு வரும் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை அட்டனையும் தலவாக்கலையையும் மூடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அப்புத்தளைக்கு அப்பால், பண்டாரவளை, பதுளைப் பக்கம் போக வேண்டும், அங்கே அப்போது காற்றுத்தான் பகை.

மீண்டும் கழிவுக் கணக்குக்கு வருகிறேன். முதலாவது கழிவு கற்பனை அன்று என்பதற்கு ஜி.கே. பெர்சே என்னும் விண்மீன் நல்ல சாட்சி. 1901இல் நோவாவாக வெடித்துப் பெயர்பெற்ற இது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு கொந்தளிப்புக் காட்டும். கொந்தளிப்பின்போது வாயு வரத்துப் பெருகி, தட்டின் உள்விளிம்பை வெண்குறுமீனின் அருகே தள்ளுகிறது. விழும் உயரம் குறைந்தால் வெப்பநிலையும் குறைய வேண்டும் அல்லவா? நுஸ்டார் செய்மதி 2015இன் கொந்தளிப்பின்போதும் பின்னர் அமைதிக் காலத்திலும் இதைப் பார்த்தது. வரத்துக் கூடியபோது எக்ஸ் கதிரின் உச்ச வெப்பநிலை வெகுவாகக் குறைந்திருந்தது. அமைதி திரும்பியதும் ஏறியிருந்தது. வெண்குறுமீனின் திணிவு அதற்குள் மாறியிருக்க வழியில்லை. இரண்டு நிலைகளையும் ஒரே திணிவைக் கொண்டு விளக்கியபோது 0.87 சூரியத் திணிவு கிடைத்தது. ஒரே விண்மீனை இரண்டு வெவ்வேறு உள்விளிம்புகளோடு பார்க்கக் கிடைத்ததால் இங்கே கழிவை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுதான்.

மூன்றாவதாக இன்னொரு சிக்கலும் உண்டு. தூணிலிருந்து கீழ்நோக்கிப் போகும் எக்ஸ் கதிர்கள் வெண்குறுமீனின் மேற்பரப்பில் தெறித்து வரும்போது 10 முதல் 30 கிலோ இலத்திரன் வோல்ட் பகுதியில் நிறமாலையில் ஒரு புடைப்பை உண்டாக்குகின்றன. அதைத் தூணின் சொந்த ஒளி என்று எடுத்துக்கொண்டால் வெப்பநிலை கூடுதலாகத் தோன்றும். நுஸ்டாருக்கு முன் இந்தப் புடைப்பை உறுதியாகப் பிடிக்கப் போதிய நுண்மை இருக்கவில்லை. 2015இல்தான் சில இடைநிலைப் போலார்களில் அது தெளிவாக நிறுவப்பட்டது. திணிவைக் குறைத்துக் காட்டும் கழிவுகளோடு திணிவைக் கூட்டிக் காட்டும் இதுவும் சேர்ந்துகொள்வதால், பழைய அளவீடுகள் சில இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் மட்டுமே சரியாக வந்திருக்கக்கூடும்.

இவ்வளவு நுணுக்கமாகக் கழிவு பார்ப்பது தனித்தனி விண்மீன்களுக்காக மட்டும் அன்று. பால்வீதியின் தளம் நெடுகிலும் எக்ஸ் கதிரில் மங்கலான ஒளிப்பட்டை ஒன்று தெரிகிறது. அது விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள அதிவெப்ப வாயுவா, எண்ணற்ற மங்கலான மூலங்களின் கூட்டா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. சந்திரா ஆய்வகம் பால்வீதி மையத்துக்கு அருகே ஒரே சிறு துண்டு வானத்தை ஏறக்குறைய பன்னிரண்டு நாட்கள் பார்த்த தரவைக் கொண்டு, இரும்புக் கோடுகள் உள்ள சக்திப் பகுதியில் அந்த ஒளியின் 80 சதவீதத்துக்கும் மேல் தனித்தனி மூலங்கள் என்று 2009இல் நிறுவப்பட்டது. அவற்றில் கணிசமான பங்கு வெண்குறுமீன்களைக் கொண்ட இத்தகைய இரட்டைகள். அந்தக் கூட்டு ஒளியின் வெப்பநிலையிலிருந்து சராசரித் திணிவைக் கணித்தவர்களுக்கு, தளம் நெடுகிலும் பார்த்தபோது 0.5 முதல் 0.66 வரையிலும், நுஸ்டாரில் பால்வீதி மையத்தைப் பார்த்தபோது 0.9 அளவிலும் விடைகள் கிடைத்தன. நமக்கு அருகிலுள்ள பிரகாசமான இடைநிலைப் போலார்களை நுஸ்டாரில் ஒவ்வொன்றாக அளந்த ஆய்வு 2020இல் தந்த சராசரி 0.77.

அந்த 0.77ஐ நான் நம்புகிறேன். அதில் தட்டின் உள்விளிம்புக் கழிவு சேர்க்கப்பட்டுள்ளது. பிரகாசமானவை வரத்து மிகுந்தவை என்பதால் அவற்றின் தூண்கள் குட்டையாகவே இருக்கும், ஆகவே இரண்டாவது கழிவு பெரிதாகப் பாதிக்காது. 0.5க்கும் 0.9க்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் அப்படியே ஏற்க மனம் வரவில்லை. மையத்திலும் தளத்திலும் இருப்பவை உண்மையிலேயே வெவ்வேறு வகை இரட்டைகளாக இருக்கலாம். அந்த விளக்கத்துக்கு வலுவான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் தளத்தில் உள்ளவற்றில் ஈ.எக்ஸ். ஹைட்ரேயைப் போன்ற வரத்துக் குறைந்த, தூண் நெடிய விண்மீன்கள் நிறைய இருந்தால், 0.8 திணிவுள்ளவையும் 0.5 போலத்தான் தோன்றும். 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஜப்பானின் எக்ஸ்.ஆர்.ஐ.எஸ்.எம். செய்மதி இரும்புக் கோடுகளை வெறும் 5 இலத்திரன் வோல்ட் நுண்மையில் பிரித்துக் காட்டுகிறது. விழும் வாயுவின் வேகத்தையே கோட்டின் நகர்விலிருந்து படிக்க அது போதும். ஆனால் அதற்கும் சரி, ஐ.எக்ஸ்.பி.இ.க்கும் சரி, போட்டன்கள் ஏராளமாக வேண்டும். வரத்துக் குறைந்த விண்மீன்களில் அவ்வளவு போட்டன்களைத் தரும் அளவுக்குக் கிட்ட இருப்பவை மிகச் சிலவே. மற்றவற்றின் தூண் உயரத்தை இப்போதைக்கு ஈ.எக்ஸ். ஹைட்ரேயை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.